வண்டி வரும்

ஜூன் 3, செவ்வாய்

இந்தப் போனில் மைக் படத்தை அழுத்திவிட்டுப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. மருமகள் காட்டிக் கொடுத்தாள். "மாமா, வீட்ல பேசுற மாதிரி பேசாதீங்க, அதுக்குப் புரியாது. ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி பேசுங்க" என்றாள். அதனால் செய்தி வாசிக்கிறேன். வேலை பார்த்த காலம் முழுக்கக் கட்டைவிரலை மையில் ஒற்றிச் சம்பளம் வாங்கினவன், எழுபத்தாறு வயதில் எழுத ஆரம்பித்திருக்கிறேன். தேதியைக்கூட அதுவே போட்டுக்கொள்ளுமாம்.

இன்றைய செய்திகள். மகன் விடியும் முன்பே ஒரு காரில் வேலைக்குக் கிளம்பிவிட்டான். மருமகள் இன்னொரு காரில். மூன்றாவது கார், பெரியது, ஞாயிற்றுக்கிழமைக்காகப் போர்வை போர்த்திக்கொண்டு வாசலில் தூங்குகிறது. அதற்கும் எனக்கும் ஒரே வேலைதான்.

என் வீட்டுக்காரி பிப்ரவரியிலிருந்து மகள் வீட்டில் இருக்கிறாள். மகளுக்கு இரட்டைக் குழந்தைகள். அந்த வீடு நகரத்தின் அந்தக் கோடி, இது இந்தக் கோடி. பிள்ளைகள் எங்களை ஆளுக்கு ஒருவராகப் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். அன்பாகத்தான் போட்டுக்கொண்டார்கள்.

போனில் பேசலாமே என்றால், அவளுக்குப் போனில் பேச்சு வராது. "சாப்டீங்களா? மாத்திரை போட்டீங்களா? சரி, வச்சிடட்டுமா?" அவ்வளவுதான். நேரில் பார்த்தால் அவள் பேச்சுக்கு நடுவே மூச்சு விட எனக்கு இடம் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை மகன் காரில் கூட்டிப்போனால்தான் அவளைப் பார்க்கலாம். போன ஞாயிறு போகவில்லை, மகனுக்கு உடம்பு அலுப்பு. அதற்கு முந்தின ஞாயிறு மழை.

ஜூன் 5, வியாழன்

இன்று நான் பேசிய ஒரே ஆள் பார்சல் கொண்டுவந்தவர். அவரும் எஞ்சினை அணைக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

போனோம்!

போகும்போது அந்தப் பெரிய வட்டச் சாலையில் மாட்டிக்கொண்டோம். அதற்குத் தார் ஊற்றின கும்பலில் நானும் ஒருவன். கொதிக்கிற தார் தெறித்த தழும்பு இன்னும் முழங்கையில் இருக்கிறது. அப்போது நடுரோட்டில் வட்டமாக உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டிருக்கிறோம். இன்று கண்ணாடியை இறக்கக்கூட மகன் விடவில்லை, ஏசி வெளியே போய்விடுமாம். முன்னால் ஒருவன் குறுக்கே புகுந்தான். மகனுக்கு வாயில் ஒரு வார்த்தை வந்தது. நான் பக்கத்தில் இருந்ததால் விழுங்கிக்கொண்டான். பாவம், திட்டவும் முடியவில்லை.

அவள் சமையலறையில் இருந்தாள். ஒரு குழந்தை தோளில், இன்னொன்று தொட்டிலில் கத்துகிறது. மாடி வீட்டுப் பெண் யாரிடமும் சொல்லாமல் வேலையை விட்ட கதையை ஆரம்பித்தாள். பாதியில் நிற்கும்போதே மகன் வாசலில் சாவியை ஆட்டினான்.

"அப்பா, கெளம்பலாமா? இப்ப விட்டா ட்ராஃபிக்ல மாட்டிப்போம்."

"வந்ததும் கெளம்புறதுக்கு எதுக்குடா வரீங்க? வாசல்லயே ஹார்ன் அடிச்சிட்டுப் போயிருக்கலாமே" என்றாள்.

என் சட்டைப் பொத்தானைச் சரி செய்து அனுப்பினாள். அது சரியாகத்தான் இருந்தது.

ஜூன் 11, புதன்

வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காமல் நடந்தேன். இந்தக் குடியிருப்பில் நடப்பதற்கென்று ஒரு ஓரம் கிடையாது. கார்கள் என்னைச் சுற்றி வளைத்துக்கொண்டு போகின்றன. ஒரு அம்மாள் கண்ணாடியை இறக்கி, "என்னாச்சு பெரியவரே, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டார். மனுஷன் சும்மா நடக்கக்கூடாதா?

கேட்டுக்கு வெளியே ஒரு சின்னப் பேருந்து நின்றது. உள்ளே ஒரு உயிர் இல்லை. ஓட்டுநர் ஒரு பெண்.

"ஏறுங்கய்யா. காலி பஸ்ஸ ஓட்டி ஓட்டி எனக்கே கொட்டாவி வருது."

"வண்டி எங்கம்மா போகுது?"

"ரயில் ஸ்டேஷனுக்கு. அங்க ரயிலைப் புடிச்சா அந்தக் கோடி வரைக்கும் ஒரே ரயில். தெனம் பத்து மணிக்கு இங்க வருவேன். சாயங்காலம் திரும்பக் கொண்டாந்து எறக்குவேன். மூணு மாசம் ஓட்டிப் பாக்கச் சொல்லியிருக்காங்க. ஆள் ஏறலேன்னா எடுத்துடுவாங்க."

"நான் ஏறுவேன்" என்றேன். ஆனால் ஏறவில்லை. வீட்டைப் பூட்டாமல் வந்திருந்தேன்.

ஒரே ரயில். அந்தக் கோடி வரைக்கும். மகள் வீடு அங்கே ஸ்டேஷனுக்குப் பின்தெரு. மாடியில் துணி காயப்போடும்போது ரயில் சத்தம் கேட்டிருக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

சாப்பிடும்போது மகனிடம் சொன்னேன். சொல்லியிருக்கவே கூடாது.

"ஏம்பா, நான் கொண்டு விடமாட்டேன்னா சொன்னேன்?"

"நீ சொல்லலடா."

"போர்டு படிக்க வராது உங்களுக்கு. எங்கயாவது எறங்கி நின்னீங்கன்னா நான் எங்க போய்த் தேடுவேன்?"

"படிக்க வராது. கேக்க வரும்ல?"

"உங்க முட்டிக்காகத்தாம்பா அந்தப் பெரிய வண்டியையே வாங்கினேன். மூணு வண்டி வாசல்ல நிக்குது, அப்பன் பஸ்ல போறான்னா பாக்குறவன் என்ன நினைப்பான்?"

அவன் சொன்னது பொய்யில்லை. கார் வாங்கிய அன்று கடையில் இருந்த ஒவ்வொரு காரிலும் என்னை ஏற்றி இறக்கிப் பார்த்தான். நான் முட்டியைப் பிடிக்காமல் எதிலிருந்து இறங்கினேனோ அதை வாங்கினான். நிறத்தைக்கூடப் பார்க்கவில்லை. இவனிடம் எப்படிக் கோபப்படுவது?

ஆனாலும் — எனக்கு அவளைப் பாக்கணும். அவ்ளோதான். என் பொண்டாட்டியப் பாக்க அவனுக்கு லீவு கெடைக்கணுமா? அவன் அலுப்பு தீரணுமா? அவனும் மனுஷன், ஆறு நாள் ஸ்டியரிங்கப் பிடிச்சிட்டு ஏழாவது நாளும் பிடிக்கணும்னா... அதுவும் எனக்குத் தெரியுது. தெரிஞ்சு என்ன?

செய்தி வாசிப்பது கெட்டுப்போய்விட்டது. நாளைக்குப் பேசுகிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

போகவில்லை. பெரிய கார் கிளம்ப மறுத்துவிட்டது. வாரம் முழுக்கச் சும்மா நின்றால் பேட்டரி இறங்கிவிடுமாம். எனக்கும் அப்படித்தான்.

ஜூன் 18, புதன்

மகன் இன்னும் வரவில்லை. நான் சாப்பிடாமல் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருப்பதை மருமகள் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள்: "மாமா, நாளைக்குப் பத்து மணிக்கு வண்டி வரும். ஏறிப் போய் அத்தையைப் பாத்துட்டு வாங்க. அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

பத்து மணி வண்டி! அவளுக்கும் அது தெரிந்திருக்கிறது. வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள், கெட்டிக்காரி. வெள்ளைச் சட்டையை எடுத்து வைத்துவிட்டேன்.

ஜூன் 19, வியாழன்

முறைப்படி வரிசையாகச் சொல்கிறேன்.

பத்து மணிக்கு முன்பே கேட்டில் போய் நின்றேன். டிரைவரம்மா என்னைப் பார்த்ததும் ஹார்னை நீளமாக அடித்தார். "நெசமாவே வந்துட்டீங்களா!" என்று முன் இருக்கையைத் துண்டால் துடைத்துக் கொடுத்தார். ஸ்டேஷனில் ஒருவரிடம் கேட்டேன், அவர் ஒரு பக்கம் காட்டினார். நம்பிக்கை இல்லாமல் இன்னொருவரிடம் கேட்டேன், அவரும் அதே பக்கம் காட்டினார். ஏறிவிட்டேன்.

ரயிலிலிருந்து பார்த்தால் எல்லா வீடுகளும் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கின்றன. காயும் துணிகள், உடைந்த நாற்காலிகள், ஒரு மொட்டைமாடியில் பல் தேய்த்துக்கொண்டே எனக்குக் கையாட்டிய ஆள். வட்டச் சாலைக்கு மேலே ரயில் போனது. கீழே கார்கள் நான் ஊற்றிய தாரில் ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றன.

அவள்தான் கதவைத் திறந்தாள். கை ஈரம். எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"எங்க அவன்?"

"வரல."

"காரு?"

"வரல."

"அப்புறம் எப்படி வந்தீங்க?"

"வண்டில."

"பைத்தியமா உங்களுக்கு?" என்று சொல்லிக்கொண்டே துண்டை எடுத்தாள். என் முகத்தைத் துடைத்தாள், அதே துண்டால் தன் முகத்தையும் துடைத்துக்கொண்டாள். மாடி வீட்டுக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தாள். யாரும் சாவியை ஆட்டவில்லை. கதை முடிந்த பிறகும் உட்கார்ந்திருந்தோம். ஒரு குழந்தை என் மடியிலேயே தூங்கிவிட்டது.

அப்போதுதான் மகளின் போன் அடித்தது.

எங்கள் தார்க் கும்பலில் வண்டி என்றால் ரோடு ரோலர். மற்றபடி ஊரோடு ஏறிப் போகிற எதுவும் எனக்கு வண்டி. காரை நான் காரு என்றுதான் சொல்வேன். பிள்ளைகளுக்குக் கார்தான் வண்டி. மருமகள் சொன்னது, பத்து மணிக்கு வாடகைக் கார் வரும் என்று! அது வாசலில் நின்று ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. மருமகள் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் இந்தப் போனைச் சமையலறையில் சார்ஜில் விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். மகன் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடி, தெருத் தெருவாகத் தேடி, காவலாளியை உலுக்கி — பிறகுதான் தங்கைக்குப் போன் செய்திருக்கிறான்.

நான் அங்கே இருப்பது தெரிந்த பிறகும் கிளம்பி வந்தான். வந்து சேரும்போது விளக்கு வைத்தாகிவிட்டது. கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அப்பா" என்றான்.

"எம்மாம் நேரம் ரோட்டுல நின்னேன் தெரியுமா? நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சும் வந்து சேர முடியலப்பா."

இதையேதான் நான் பிப்ரவரியிலிருந்து சொல்ல நினைத்தேன். அவன் வாயிலிருந்து கேட்கும்போது சந்தோஷமாக இல்லை.

அவள் அவனை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டாள். "உங்கப்பன் தொலையுற ஆளா? எங்கயாவது தொலைச்சிடலாம்னு நானும் ஐம்பது வருஷமா பாக்குறேன், திரும்பத் திரும்ப வந்து நிக்கிறாரு" என்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்து புரையேறியது.

ஜூன் 20, வெள்ளி

காலையில் மகன் ஒரு கயிற்றைக் கொண்டுவந்து போனை என் கழுத்தில் மாட்டிவிட்டான். மாட்டுக்கு மணி கட்டுவது போல.

"போனை மட்டும் விட்டுட்டுப் போகாதீங்க" என்றான்.

பஸ்ஸில் போகாதீங்க என்று அவன் சொல்லவில்லை. மருமகள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

ஜூலை 3, வியாழன்

போனேன். வந்தேன். இப்போது பேருந்தில் காவலாளியின் மனைவியும், வீட்டு வேலைக்கு வருகிற இரண்டு பெண்களும் ஏறுகிறார்கள். இன்னும் மூன்று மாதம் நீட்டியிருக்கிறார்களாம். டிரைவரம்மாவுக்குக் கொட்டாவி நின்றுவிட்டது, பேச்சு நிற்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் நேரில் அவளிடம் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையில் நான் செருப்பு மாட்டும்போது மகன் வந்து நின்றான். "இன்னிக்கு நான் ஓட்டலப்பா. உங்ககூட வரேன்."

பேருந்தில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்தான். ஸ்டேஷனில், "எந்தப் பக்கம்பா?" என்று என்னிடம் கேட்டான். காட்டினேன்.

ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்தான். காரில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து இத்தனை வருடம் அவன் காதைத்தான் பார்த்திருக்கிறேன். முகம் இன்றைக்குத்தான் முழுசாகக் கிடைத்தது. தாடியில் நரை வந்துவிட்டது. புருவத்துக்கு நடுவே, வெயிலைப் பார்த்துப் பார்த்து ஓட்டினதில் இரண்டு கோடு. ஆபீஸில் புதிதாக வந்தவனைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். பேச்சு பாதியில் நின்றது. தூங்கிவிட்டான். தலை கண்ணாடியில் இடித்துக்கொண்டே இருந்தது. எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தோளில் சாய்ந்தான். நல்ல கனம்.

நாங்கள் இறங்க வேண்டிய ஸ்டேஷன் வந்தது. நிறையப் பேர் இறங்கினார்கள். நான் அவனை எழுப்பவில்லை. ரயில் கிளம்பிவிட்டது.

கழுத்தில் போன் அடித்தது. அவள்தான்.

"எங்க இருக்கீங்க? இந்நேரம் வந்திருக்கணுமே?"

"ஸ்டேஷனத் தாண்டிட்டோம்."

"தாண்டிட்டீங்களா? ஏன்?"

"பையன் தூங்குறான்."

"அவனுக்குக் கழுத்து வலிக்கப் போகுது. தலையை ஒழுங்காப் பிடிச்சுக்கங்க" என்றாள்.

பிடித்துக்கொண்டேன்.