தேடினால் தெரியும் இரண்டு வரி

அன்புள்ள ஜிப்புக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அவருடைய வலது முழங்காலைத் தவிர. நீயும் சுகம் என்று போன முறை பேசியபோது சொன்னாய். சளி பிடித்த குரல் மாதிரி இருந்தது, கேட்டால் லைன் சரியில்லை என்பாய் என்று கேட்கவில்லை. இந்தச் செல்லப் பெயரை எழுதி நாளாயிற்று. ரிப்பேருக்கு வந்த பைகளின் ஜிப்பையெல்லாம் கடித்துக்கொண்டு தவழ்ந்தவளுக்கு வேறு என்ன பெயர் என்று அப்பாதான் ஆரம்பித்தார். இப்போதும் கடையில் அந்தச் சொல்லை நாள் முழுக்கச் சொல்கிறோம். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு விஷயம். போனில் சொல்லியிருக்கலாம், சொன்னால் "மாத்திடும்மா, இதுல என்ன இருக்கு" என்று முடித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். கடைக்கு ஆள் வருவது குறைந்துவிட்டது. பிரித்துப் போட்ட பைகளுக்கு அடியில் மேஜையின் மரம் தெரிகிறது, அதன் நிறம் எனக்கு மறந்தே போயிருந்தது. யாரும் பயணம் போவதில்லை போலிருக்கிறது என்று முதலில் நினைத்தோம். பிறகு ஒருநாள் எதிர்ச் சாரிப் பல் டாக்டர் தன் சூட்கேஸை இழுத்துக்கொண்டு நம் வாசலைத் தாண்டிப் போனார், புதுச் சக்கரத்தின் சத்தம் எனக்குத் தெரியாதா, கேட்டேன். சக்கரம் மாற்றுகிற கடை என்று போனில் தேடினாராம், ஊரின் அந்தக் கோடியில் ஒரு கடை வந்ததாம், நாம் வரவில்லையாம். "நீங்க சக்கரமும் மாத்துவீங்களா, கைப்பை மட்டும்னு இல்ல நெனச்சேன்" என்றார். சாயங்காலம் அப்பா, இனிமேல் பல் வலித்தால் நானும் தேடிப் பார்த்துத்தான் போவேன், அவர் வராத மாதிரி தேடுவேன் என்றார்.

மாடிக்கு ஒரு பெண் குடிவந்திருக்கிறாள், வெப்சைட் வேலை செய்கிறவள். அப்பா அவளுக்குத் தேடல் டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார். அவளைக் கூப்பிட்டோம். ஜன்னலோரம் உன் நாற்காலியில் உட்கார்ந்தாள், வேறு நாற்காலி இல்லை. நீ செய்துவைத்துவிட்டுப் போன வெப்சைட் அழகாக இருக்கிறதாம். பக்கத்துக்குப் பின்னால் எழுத வேண்டியவைதான் பாதி காலியாம். பக்கத்தின் தலைப்பு, தேடுகிறவர்களுக்கு அந்தத் தலைப்பின் கீழே தெரிகிற இரண்டு வரி, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு விளக்கம், இப்படி. மெட்டாடேட்டா என்றாள். நாம் பையின் கைப்பிடியில் கட்டுகிற சீட்டு மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன், யாருடையது, என்ன பழுது, எப்போது வேண்டும், அதைப் பார்த்துத்தானே எந்தப் பையை இறக்குவது என்று தெரிகிறது, ஒவ்வொன்றையும் திறந்தா பார்க்கிறோம். அவளிடம் சொன்னேன். "கிட்டத்தட்ட அதான்க்கா, ஆனா தேடல் இயந்திரம் பையையும் திறந்து பாக்கும். சீட்டுல ஒண்ணு, உள்ள ஒண்ணுன்னா நம்பாது" என்றாள். தலைப்பில் நீ கடையின் பெயரை மட்டும் போட்டிருக்கிறாய். பெயர் தெரிந்தவர் எதற்குத் தேடப் போகிறார். சக்கரம் உடைந்தவர் சக்கரம் என்றுதான் தேடுவார். ஆகவே தலைப்பில் இப்போது சூட்கேஸ், பை ரிப்பேர் என்றும் நம் தெருவின் பெயரும் சேர்ந்திருக்கிறது. அது சுலபமாக முடிந்தது.

படங்களுக்கு விளக்கம் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தாள். கண் தெரியாதவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும்போது அந்த வரியைத்தான் வாசிக்குமாம், படத்தில் என்ன இருக்கிறது என்று தேடல் இயந்திரம் தெரிந்துகொள்ளவும் அது உதவுமாம். படத்தைப் பார்க்க முடியாத ஒருத்தருக்குச் சொல்வதாக நினைத்து எழுதுங்கள் என்றாள். அப்படி நினைத்தே எழுதினேன். கடை வாசல் படத்துக்கு, பலகையில் ஒரு எழுத்து உரிந்திருக்கிறது, அப்பா ஒட்டுகிறேன் ஒட்டுகிறேன் என்கிறார், இன்னும் ஒட்டவில்லை. சிவப்புச் சூட்கேஸுக்கு, இதைக் கொடுத்தவர் திரும்ப வரவே இல்லை, வாரம் ஒருமுறை தூசி தட்டுகிறேன். நீ கைப்பிடி தைக்கிற படத்துக்கு, வாயில் ஊசியை வைக்காதே என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்காதவள், இடது காதில் கம்மல் இல்லை, அது மேஜைக்கடியில் கிடந்து பிற்பாடு கிடைத்தது. தேடல் டாக்டர் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்து இந்த இடத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தை மூடிக்கொண்டாள். "அக்கா, இதை வெச்சு உங்க கடையை யாரு கண்டுபிடிப்பாங்க, படத்துல என்ன தெரியுதோ அதை மட்டும் எழுதுங்க" என்றாள். எனக்குத் தெரிந்ததைத்தானே எழுதினேன். மறுபடி எழுதினேன். ஜன்னலோரம் அமர்ந்து பயணப் பையின் கைப்பிடியைத் தைக்கும் இளம்பெண். சரியாக இருக்கிறது என்றாள். இளம்பெண். யாரோ மாதிரி. பிறகு அவளே என்ன நினைத்தாளோ, வாயில் ஊசியுடன் என்று சேர்த்துக்கொள்ளலாம், அது படத்தில் தெரிகிறதுதானே என்றாள். சேர்த்தேன்.

மிச்சம் இருந்தது அந்த இரண்டு வரி. நீ எழுதியது உனக்கே நினைவிருக்கிறதோ என்னவோ. அம்மாவும் மகளும் ஒரே மேஜையில் அமர்ந்து உங்கள் பைகளைச் சரிசெய்கிறோம். எங்கே போகிறீர்கள் என்று மட்டும் கேட்க மாட்டோம். இதைப் பார்த்துத் தேடல் இயந்திரம் கடையை முன்னே கொண்டுவருவதில்லையாம், ஆனால் இதைப் படித்துவிட்டுத்தான் ஆள் உள்ளே வரலாமா என்று முடிவு செய்வாராம். சக்கரமும் இல்லை, ஜிப்பும் இல்லை, எப்படி வருவார். சேர்த்துவிடேன் என்றேன். இடம் கொஞ்சம்தானாம், நீண்டுவிட்டால் புள்ளி வைத்து வெட்டிவிடுமாம். எதையாவது எடுக்க வேண்டும். எதை எடுப்பது என்று அவள் சொல்லவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் எங்கே என்று வருகிறவர்கள் கேட்கிறார்களா என்று மட்டும் கேட்டாள். கேட்கிறார்கள். லீவில் வருவாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அங்கே வேலை நிரந்தரமாகிவிட்டது என்று நீ சொன்ன பிறகும் அதையேதான் சொன்னேன். அப்புறம் அவள் தேடலில் நம் கடை எத்தனை முறை வந்தது என்ற கணக்கைப் பார்த்துவிட்டு, நம் கடைப் பெயரையே தேடி, வரிகளை மட்டும் பார்த்துவிட்டு, உள்ளே வராமலே யாரோ தினமும் போகிறார்கள், ஏன் என்று தெரியவில்லை என்றாள். நான் ஒரு பையின் ஜிப்பில் மெழுகு தேய்க்க ஆரம்பித்தேன். "அது எங்க வீட்டு ஆளு" என்றார் அப்பா, "கடையத் தொறந்ததும் மொதல் வேலை அதான், பாத்துட்டுப் போனைக் கவுத்து வெச்சுருவா." தேடல் டாக்டர் சிரிக்கவில்லை. அப்பாவும் தான் சொன்னதற்குச் சிரிக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஜிப்பு, உள்ளே விலையும் தொலைபேசி எண்ணும் படங்களும். நீயும் நானும் சேர்ந்து இருப்பது வாசலில், அந்த இரண்டு வரியில்தான்.

அவள் மாடிக்குப் போனபின் நானே எழுதினேன். சூட்கேஸ் சக்கரம், ஜிப், கைப்பிடி, தையல் பிரிந்த பை, எல்லாம் பழுது பார்க்கிறோம். எங்கே போகிறீர்கள் என்று கேட்க மாட்டோம். உன் இரண்டாவது வாக்கியத்தை விட மனம் வரவில்லை, அது அளவுக்குள் அடங்கியது. முதலாவது அடங்கவில்லை. சாயங்காலம் அவள் வந்து அதை ஏற்றிவிட்டாள். உடனே தேடிப் பார்த்தேன், பழைய வரிகளே வந்தன. பிழை ஏதோ என்று பயந்து மாடிக்கு ஓடினேன். தேடல் இயந்திரம் மறுபடி நம் பக்கத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போனால்தான் புதியது தெரியுமாம். எப்போது வரும் என்று கேட்டேன். சில நாளாகலாம், சில வாரமும் ஆகலாம், யாராலும் சொல்ல முடியாதாம். அவசரப்படுத்த ஒரு வழி இருக்கிறது, செய்யட்டுமா என்றாள். பல் டாக்டரை நினைத்துக்கொண்டேன், வெறும் மேஜையை நினைத்துக்கொண்டேன். அது தன் வசதிக்கு வரட்டும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி வந்தேன்.

ஆகவே இந்தக் கடிதம் முந்துகிறதா தேடல் இயந்திரம் முந்துகிறதா என்று தெரியவில்லை. கிடைத்ததும் ஒரு தடவை தேடிப் பார். கடைப் பெயரைப் போட்டாலே போதும், உள்ளே வர வேண்டாம். அது இன்னும் வந்து பார்த்திருக்கவில்லை என்றால், உலகத்தில் யார் தேடினாலும் நாம் இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்போம்.

நேரத்துக்குச் சாப்பிடு. சளிக்கு மருந்து வாங்கு, தானாகப் போகும் என்று விடாதே. நீ எடுத்த வேலை நிலைக்கட்டும், உடம்பும் மனசும் நன்றாக இருக்கட்டும், நாங்கள் இரண்டு பேரும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறோம். பலகையில் அந்த எழுத்தை இந்த வாரம் ஒட்டிவிடுவதாக அப்பா சொல்லச் சொன்னார். ஒன்றை மறக்காதே. நீ கொண்டுபோன பெட்டியின் இடது சக்கரம் லேசாக ஆடும், கிளம்புகிற அவசரத்தில் மாற்ற முடியவில்லை. அங்கே எந்தக் கடையிலும் கொடுக்காதே. அதற்குச் சரியான சக்கரத்தை எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன், சீட்டும் கட்டியாயிற்று. எப்போது வேண்டும் என்ற இடத்தை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்து,
அம்மா