காட்சி மூன்று பயன்பாட்டில் உள்ளது

செவ்வாய், 09:10. கருங்கல் நிலையம், நிலவின் தென்முனை

காற்றழுத்தம் சரி. மின்சாரம் சரி. சேமிப்பகம் 81 சதவீதம் நிரம்பியிருக்கிறது.

இதைப் படிப்பவருக்கு: நான் ஜெசிந்தா, வீடியோ எடிட்டர், ஊர் தூத்துக்குடி. நிலையத்தின் முதல் ஆண்டு பற்றிய படம் வியாழக்கிழமை ஒளிபரப்பாகிறது. அதை மூன்று பேர் சேர்ந்து வெட்டி ஒட்டுகிறோம். நான் இங்கே. மன்சூர் சென்னை சாலிகிராமத்தில். ஒளிப்பதிவாளர் தணிகைவேல் இரண்டாம் வண்டியில், இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு பெரும்பள்ளத்தின் விளிம்பில். நிலையத்தில் இப்போது வேறு யாருமில்லை. மற்றவர்கள் கிழக்கு முகாமில் பனிக்கட்டிக்குத் துளை போடுகிறார்கள்.

மூவருக்கும் ஒரே சேமிப்பகம். கீழ் அறையில் இருக்கும் வட்டுப் பெட்டிதான் அது. யார் எங்கிருந்து திறந்தாலும் அதே படங்கள், அதே கோப்புகள். முடிந்த காட்சிகளைச் சென்னையில் உள்ள வெளியீட்டுப் பிரிவும் இங்கிருந்துதான் எடுத்து ஒளிபரப்புக்குத் தயார் செய்யும். ஒருவர் ஒரு காட்சியைத் திறந்தால் அவர் மூடும்வரை மற்றவர்கள் கடைசியாகச் சேமித்ததைப் பார்க்கலாம், தொட முடியாது. திட்ட அறிக்கையில் இது ஒரு வரிதான். அந்த ஒரு வரியோடு பதினோரு நாளாக மல்லுக்கட்டுகிறேன்.

செவ்வாய், 16:40

காலையில் திறந்தால் காட்சி இரண்டு முழுக்கச் சிவப்பு. "படம் கிடைக்கவில்லை" என்று நூறு கட்டங்கள். மன்சூர் பொறுப்பாக எல்லாக் கோப்புறைகளுக்கும் அழகான புதுப் பெயர் வைத்திருக்கிறான்.

"மன்சூர், ஃபோல்டர் பேரை மாத்துனா லிங்க் எல்லாம் அத்துப் போகும்னு உனக்கு எத்தன தடவ சொல்றது?"

"க்ளீனா இருக்கட்டும்னுதான்க்கா மாத்துனேன். 'புதுசு', 'புதுசு ரெண்டு', 'இதுதான் புதுசு'ன்னு நீங்க வச்சிருந்தீங்களே, அதுல எதை எடுக்கறது?"

அழைப்பைத் துண்டித்தேன். அரை நாள் போனது. இனி அவரவர் தொட வேண்டியதை மட்டுமே அவரவர் பார்க்கலாம் என்று அனுமதிகளை மாற்றிவிட்டேன். வண்டிகளில் இருந்து பார்த்தால் காட்சி மூன்று மட்டும் தெரியும். பள்ளத்துக் காட்சி அது, தணிகையின் பங்கு.

புதன், 10:50

தணிகை ரேடியோவில் இல்லை. பள்ளத்துக்குள் இறங்கினால் குரல் வராது, விளிம்பு மறைத்துவிடும். விளிம்பில் அவன் நட்டு வைத்த சிறு கம்பம் வழியாகச் சேமிப்பகத்தோடு மட்டும் மெல்லிய இணைப்பு இருக்கும். அதனால் கவலைப்படவில்லை.

கவலை வேறு. காட்சி மூன்றில் ஒலியைச் சேர்க்க வேண்டும். திறந்தால், "பயன்பாட்டில் உள்ளது: வண்டி-2. பார்க்க மட்டும்." திறந்து போட்டுவிட்டுப் படம் எடுக்கப் போயிருப்பான். எப்போதும் இதே வேலை.

புதன், 11:35

இன்னும் மூடவில்லை. மன்சூரைக் கேட்டேன்.

"பூட்டை உடைச்சிருங்கக்கா. அவரு வந்து கத்துனா நான் பேசிக்கறேன். நாளைக்கு ஒளிபரப்ப வச்சிக்கிட்டு..."

உடைத்தேன். இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை, மறுபடியும் வண்டி-2. மறுபடியும் உடைத்தேன். மறுபடியும் அதே. ஐந்தாறு முறை ஆனது. மென்பொருள் தானாகப் போய் ஒட்டிக்கொள்கிறது என்று நினைத்தேன். வண்டி-2க்கு எழுதும் அனுமதியையே எடுத்துவிட்டேன். என்னிடம் இருந்த பழைய பிரதியை மேலே போட்டு வேலையைத் தொடங்கினேன்.

அப்பாடா. வாரத்தில் முதல்முறையாக நிம்மதி.

புதன், 15:25

மன்சூர் அழைத்தான். குரல் சரியில்லை.

"அக்கா, ஒலி பழசாயிருச்சேன்னு தானியங்கி பிரதிகளத் தொறந்து பாத்தேன். காலைல நீங்க பூட்டு ஒடைச்சப்ப தனியா சேவ் ஆனது. அதுல மார்க்கர் இருக்கு. நீங்க போட்டதா?"

மார்க்கர் என்பது காட்சி வரிசையின் மேல் ஒட்டும் சிறு குறிப்பு. "இசை இங்கே", "இந்த ஷாட் வேண்டாம்" என்று எழுதுவோம். நான் எதுவும் போடவில்லை. திறந்தேன். ஒவ்வொரு பிரதியிலும் ஒரு சிவப்பு மார்க்கர்.

*வண்டி கவுந்துருச்சு.*

*ரேடியோ போச்சு. இது ஒண்ணுதான் வேலை செய்யுது. ஜெசி பாரு.*

*கால் மாட்டிக்கிச்சு.*

*ஏன் மூடுற*

*ஜெசி ஏன் மூடுற*

நாலு மணி நேரம். நான் நாலு மணி நேரமாக இசைக்கு ஏற்ப ஷாட் வெட்டிக்கொண்டிருந்தேன்.

அனுமதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். காட்சி மூன்றை மூடிவிட்டேன். திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

புதன், 15:50

வண்டி-2 திறந்தது. மூடியது. உயிரோடு இருக்கிறான்.

ஒருவர் எழுதி மூடினால்தான் மற்றவர் எழுத முடியும். அப்படியே பேசினோம்.

*தணிகை, நான்தான் பூட்டை உடைச்சது. மன்னிச்சிரு. காத்து எவ்வளவு இருக்கு?*

*பெரிய சிலிண்டர் வண்டிக்கு அடில. சின்னதுதான். ஏழு மணி வரைக்கும் தாங்கும். திட்டாத, நானும் உன் பூட்டை ரெண்டு தடவ ஒடைச்சிருக்கேன்.*

*எங்க இருக்க?*

*தெரில. சறுக்கி வந்துட்டேன். ஒரே இருட்டு.*

கிழக்கு முகாமுக்குச் சொன்னேன். மீட்பு வண்டி கிளம்புகிறது, அவர்களுக்கு நாலு மணி நேரம் ஆகும். அதற்குள் அவன் காற்று தீர்ந்துவிடும். நான் முதல் வண்டியில் போகிறேன். இடத்தை மன்சூர்தான் கண்டுபிடித்தான். நேற்று தணிகை ஏற்றிய ஷாட்டுகளை வரிசையாகப் போட்டு, நிழல்களை ஒன்றோடொன்று பொருத்தி, வழியை வரைந்துவிட்டான்.

"கடைசி ஷாட்ல வலது ஓரத்துல கொம்பு மாதிரி ரெண்டு பாறை தெரியுதுக்கா. அதுக்கு நேர் கீழ. மீட்பு வண்டிக்கும் இதே வழியத்தான் குடுத்திருக்கேன். போங்கக்கா, சீக்கிரம்."

புதன், 18:20. முதல் வண்டி

கொம்புப் பாறைகள் தெரிகின்றன. என் ரேடியோவும் போய்விட்டது, விளிம்பைத் தாண்டிவிட்டேன். இந்தக் குறிப்பு வண்டியின் நினைவகத்தில் மட்டும் பதிகிறது.

வந்துவிட்டேன் என்று அவனுக்கு எழுதப் பார்த்தேன். "பயன்பாட்டில் உள்ளது: வண்டி-2." முக்கால் மணி நேரமாகத் திறந்தே வைத்திருக்கிறான். என்ன எழுதுகிறான்? மூடுடா. மூடினால்தானே படிக்க முடியும்.

இடது பக்கமாக இறங்குகிறேன். சரிவு குறைவாகத் தெரிகிறது.

புதன், 19:25

தணிகை என் வண்டியில் கிடக்கிறான். நினைவில்லை. மூச்சு இருக்கிறது, என் காற்றில் விடுகிறான். காலைப் பற்றி இப்போது எழுத முடியாது.

நான் அவன் வண்டிக்குள் நுழைந்தபோது அவன் விரல் விசைப்பலகையில் இருந்தது. திரையில் பாதி எழுதிய மார்க்கர்: *இடது பக்கமா வராத ஜெசி. மண்ணு நிக்காது, அப்படியே சரியும். நான் அப்படித்தான்* அதற்கு மேல் இல்லை. சேமிக்கக் கையை நீட்டினேன். திரை அணைந்தது. அந்த வண்டியின் பாட்டரி தீர்ந்துவிட்டது. அந்த வரி யாருக்கும் போகவில்லை.

என் வண்டி இடது பக்கமாகத்தான் வந்தது. பின்சக்கரம் இரண்டும் அச்சு வரை புதைந்துவிட்டன. பள்ளத்தின் மேல் மண் மொத்தமும் எங்கள் தலைக்கு மேலே நிற்கிறது. மீட்பு வண்டி கனமானது. அதுவும் என் சக்கரத் தடத்தைப் பார்த்து அதே சரிவில், நேர் மேலே வந்து நிற்கும். இன்னும் அரை மணி நேரத்தில்.

வலது பக்கமாக வரச் சொல்ல வேண்டும். ஒரு வரி போதும். மன்சூர் பார்த்துக்கொண்டே இருப்பான், மீட்பு வண்டிக்குச் சொல்லிவிடுவான்.

19:31

காட்சி மூன்று. "பயன்பாட்டில் உள்ளது: வெளியீட்டுப் பிரிவு, சென்னை. பார்க்க மட்டும்."

வண்டி-2 அணைந்து கோப்பு விடுபட்டதும் எடுத்துக்கொண்டார்கள். நாளை ஒளிபரப்பு.

19:38

பூட்டை உடைக்கும் அனுமதி இந்த வண்டிக்கு இல்லை. வேறு எந்தக் கோப்பும் இங்கே தெரியாது.

மறுபடி திறந்தேன். பார்க்க மட்டும்.

19:44

வெளியீடு 31 சதவீதம் என்கிறது. நான் வெட்டிய ஷாட்டுகள் ஒவ்வொன்றாக ஓடுகின்றன.

பார்க்க மட்டும்.

19:52

மேலே விளக்கு தெரிகிறது. இடது பக்கம்.

மூடுங்கள். யாராவது மூடுங்கள்.

பார்க்க மட்டும்.

பார்க்க மட்