சித்திரை வீதியில் துரை ஓடினான்

அன்புள்ள என் அப்பாவுக்கு,

துரை உங்களைத் தேடுகிறான். அரியமங்கலம் பட்டறைகளிலிருந்து யார் வெளியே வந்தாலும் லாயத்துக்கு வெளியே தலையை நீட்டிக் காதை நிமிர்த்துகிறான். நீங்கள் இல்லை என்று அவனுக்கு யார் சொல்வது? நான்தான் அவனிடம் பேசுவதே இல்லையே.

போன மாதம் ஸ்ரீரங்கத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை துரைமேல்; நீங்கள் கண்ணை மூடிய பிறகு முதல்முறையாகக் கயிறு என் கையில். அன்று நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது.

சென்னைப் பந்தய லாயத்தில் நீங்கள் வேலை பார்த்தபோது இரண்டு வயதுக் குதிரைக்குட்டியாக வந்தவன். வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயரோடு வந்தவனைத் துரை என்று கூப்பிட்டீர்கள். முதல் பந்தயத்தில், கிளம்பும் இடத்து இரும்புக் கதவு படாரென்று திறந்ததும் மிரண்டு நின்று, கடைசியாக வந்தானாம். அப்புறம் அந்தச் சத்தம் கேட்டாலே பாயக் கற்றுக்கொண்டான். சென்னையில் ஜெயித்தான், பெங்களூரில் ஜெயித்தான், ஊட்டியில் பெரிய கோப்பையே வாங்கினான். வீட்டில் மாட்டியிருக்கும் படத்தில் முதலாளி சிரிக்கிறார். கயிற்றைப் பிடித்த உங்கள் கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது. முன்னங்கால் நரம்பு போனதும், "நீயே வச்சுக்கப்பா" என்று அவனைக் கொடுத்துவிட்டார்கள்.

அதன்பிறகு நம் ஊரில் மாப்பிள்ளைகளை அவன்மேல் ஏற்றிப் போகும் கல்யாண ஊர்வலங்களில் வழி முழுக்க அவனிடம் உரக்கப் பேசிக்கொண்டே போவீர்கள். "டேய் துரை, ஊட்டியில என்னடா பண்ணுன? கடைசி வளைவுல எத்தன பேரத் தாண்டுன?" ஜனங்கள் சிரிப்பார்கள். என்னைக் காட்டி, "இதுதாங்க இவன் அக்கா" என்பீர்கள். நான் பின்தங்கி, வேறு யாரோடோ வந்தவள் போல நடப்பேன். வகுப்பில் எழுந்து வாசிக்கப் பயந்தே ஒன்பதாவதோடு நின்றவள் நான். நான் ஒதுங்கி நடந்ததை நீங்கள் பார்த்தீர்களா அப்பா? பார்த்தும் பார்க்காதது போல இருந்தீர்களா?

அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை. மேளத்துக்கு அவன் மிரளவில்லை. சித்திரை வீதியில் ஒரு கடைக்காரர் ஷட்டரைத் தூக்கினார். படார்! கயிறு என் உள்ளங்கையை உரித்துக்கொண்டு போனது. மாப்பிள்ளை பிடரியைக் கட்டிக்கொண்டு "அம்மா!" என்று அலற, துரை வீதி முழுக்க ஓடினான்.

"மாப்பிள்ளைக்குக் கல்யாணத்துல இஷ்டமில்லையோ!" என்று யாரோ கத்தினார்கள்.

வீதி முனையில் தானே நின்று, திரும்பி, கழுத்தை நிமிர்த்தி நடந்து வந்து என் முன்னால் நின்றான். ஜெயித்துவிட்டானாம். படம் எடுப்பார்கள் என்று காத்திருந்தான்.

நல்லவேளை, மாப்பிள்ளைக்கு அடியில்லை. தலைப்பாகைதான் போனது. "குதிரையப் பிடிக்கத் தெரியாத பொண்ணை ஏம்மா அழைச்சிட்டு வர்றீங்க?" என்று கூட வந்த அம்மாவைக் கேட்டார்கள். அம்மா ஒவ்வொருவரிடமும் கைகூப்பினாள். நான் மன்னிப்புக்கூடக் கேட்காமல் தரையைப் பார்த்து நின்றேன். துரை முன்னங்காலை ஊன்றாமல் நின்றதை அப்போதுதான் பார்த்தேன்.

இப்போது வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் மண்ணச்சநல்லூர்க்காரர் ஒருவர் வண்டிப் பந்தயத்துக்கு அவனைக் கேட்கிறார். அந்தக் காலோடு வண்டியில் பூட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். "இன்னொரு தடவ ஓடுனான்னா குடுத்துட வேண்டியதுதான் பாப்பா. யாருக்காவது உசுரு போச்சுன்னா?" என்கிறாள் அம்மா. அவள் சொல்வதிலும் தப்பில்லை.

இன்று காலை அவனைப் பட்டறைத் தெருவில் நடத்திப் போனேன். "துரை" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். டீக்கடை அண்ணன், "யாருகிட்ட பாப்பா பேசுற?" என்றார். முகம் எரிந்தது.

"என் தம்பிகிட்டண்ணா."

அப்போது ஒரு பட்டறை ஷட்டர் படாரென்று மேலே போனது. கயிறு இறுகியது. "டேய் துரை, ஊட்டியில என்னடா பண்ணுன?" என்று கத்திவிட்டேன். அவன் காது என் பக்கம் திரும்பியது. நின்றுவிட்டான் அப்பா.

வரும் முகூர்த்தத்துக்கு மறுபடி ஸ்ரீரங்கம், அதே வீதி. கடைக்காரர்களுக்கு என்னை அடையாளம் தெரியும். சிரிப்பார்கள். வெட்கமாகத்தான் இருக்கும். வெட்கத்தோடேயே பேசுவேன், வீதி முடியும்வரை, உரக்க. கடைசி வளைவில் அவன் தாண்டியது மூன்று பேரையா, நாலு பேரையா? ஒதுங்கி நடந்ததில் சரியாகக் கேட்காமல் போய்விட்டேன். நாலு என்றே சொல்கிறேன்.

உங்கள் மகள்,
துரையின் அக்கா,
மலர்