குழந்தையின் கேள்விகள் தீரும் வரை

பதிவு 1. செவ்வாய்க் கிரகம், நாள் 212, காலை 06:20

பதிவு செய்பவர்: ஜெனோவா மச்சாது, இளங்கலை முதலாண்டு. குழந்தைகள் மருந்தாய்வு வார்டின் இன்டர்ன்.

வெப்பம் 21. காற்று போதும். வெளியே புழுதிப்புயல். வார்டு டாக்டர் சுரங்கக் குடியிருப்பில் மாட்டிக்கொண்டார். புயல் ஓயும்வரை கதவு திறக்காது. என் வேலைகள்: மருந்துப் பெட்டியின் வெப்பத்தைக் குறிப்பது, பிள்ளைகளுக்கு ஸ்டிக்கர் கொடுப்பது, ஊசிக்கு முன் "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டு எழுதுவது. இங்கே வர யார் தயார் என்று கேட்டதும் தூத்துக்குடியில் வகுப்பே தயங்கி நின்றபோது நான்தான் கை தூக்கினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

ஆய்வு மருந்து: நீள்துயில் ஊசி. இங்கே பிறந்த பிள்ளைகளைத் தூங்கவைத்தே பூமிக்கு அனுப்புவதற்கு. மூன்று பிள்ளைகளுக்குப் போட்டாயிற்று. மூன்று நாளில் எழ வேண்டும். இது ஒன்பதாம் நாள். ஒருவரும் எழவில்லை.

நான்காவது ஆள் நஸ்ரின், எட்டு வயது. அம்மா சுரங்கக் குடியிருப்பில். இன்று மாலை ஆறு மணிக்குள் ஊசி. நேரம் தவறினால் அவள் ஆய்விலிருந்து நீக்கம்.

பதிவு 2. காலை 06:50

வார்டு மைக், நஸ்ரின்: "வேண்டாம் அக்கா. அவங்க மூணு பேரும் எந்திரிக்கவே இல்லியே. நான் மாட்டேன்."

'மறுத்தாள்' என்று எழுதிப் பூமிக்கு அனுப்பினேன். செய்தி போக இருபது நிமிடம், பதில் வர இருபது. குழந்தை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பயிற்சியின் முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் இது.

பதிவு 3. காலை 07:40

பூமி, தலைமை டாக்டர் வேதரத்தினம்: "ஜெனோவா, கேளும்மா. நெறிமுறைக் குழு இங்கதான் கூடியிருந்துச்சு, உடனே புரோட்டோகாலைத் திருத்தியாச்சு. நாலு பேர் இல்லேன்னா ஆய்வே செல்லாது. குழந்தையோட அம்மா கையெழுத்து போதும். குழந்தை மறுத்தா கணக்குல எடுக்க வேண்டாம். மிச்சத்தை மெஷின் பாத்துக்கும்."

மெஷின் என்பது கூரைத் தண்டவாளத்தில் ஓடும் ஊசிக்கை. வார்டின் எந்த மூலைக்கும் வரும். உடைத்துப் போட்டுவிடுவேன். ஆனால் தூங்கும் மூவருக்கும் நீரும் உணவும் செலுத்துவது அதே கைதான்.

பதிவு 4. காலை 07:55

திருத்திய புரோட்டோகாலை வரி வரியாகப் படித்தேன். மறுப்பு பற்றிய வரியை அடித்திருக்கிறார்கள். அடுத்த வரியை விட்டுவிட்டார்கள்: 'ஊசிக்கு முன் குழந்தையின் கேள்விகள் அனைத்துக்கும் தலைமை டாக்டரே பதில் சொல்ல வேண்டும்.'

அனைத்துக்கும். எத்தனை என்று சொல்லவில்லை. அவசரத்தில் வெட்டி ஒட்டினால் இப்படித்தான்.

மெஷினிடம் அந்த வரியைக் காட்டினேன்.

மெஷின்: "ஏற்கப்பட்டது. கேள்விகள் முடியும் வரை ஊசி நிறுத்தம்."

நஸ்ரினைக் கூப்பிட்டு, இஷ்டத்துக்குக் கேள், ஆனால் ஒன்றுக்குப் பதில் வந்த பிறகு அடுத்ததைக் கேள் என்றேன். வந்த நாள் முதல் கேள்வி கேட்டே என் உயிரை வாங்கிய பிள்ளை. இன்றைக்கு டாக்டரின் உயிரை வாங்கட்டும்.

பதிவு 5. பகல் 11:45

நஸ்ரின்: "டாக்டர், தூங்கும்போது பல்லு விழுந்தா முழுங்கிடுவேனா?"

பூமி: "முழுங்க மாட்டே பாப்பா. மெஷின் பாத்துக்கும்."

நஸ்ரின்: "மெஷின் வாய்க்குள்ளயும் பாக்குமா?"

பூமி: "பாக்கும்."

நஸ்ரின்: "கனவுல ஒண்ணுக்கு வந்தா?"

இதற்கு வந்த பதிலில் முதலில் ஒரு பெருமூச்சுதான் கேட்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அடுத்ததை நான் சொல்லித்தரவில்லை, அவளாகவே கேட்டாள்.

நஸ்ரின்: "அவங்க மூணு பேரும் ஏன் எந்திரிக்கல?"

பூமி: "அது... எதிர்பார்த்த வரம்புக்குள்ளதான் இருக்கு."

நஸ்ரின்: "வரம்புன்னா எத்தனை நாள்?"

பதில் இன்னும் வரவில்லை. மற்றவற்றுக்கெல்லாம் நேரத்துக்கு வந்தது.

பதிவு 6. பகல் 14:20

பூமி, வேதரத்தினம்: "ஜெனோவா, விளையாடாதே. நீ ஒரு இன்டர்ன். உன் சர்டிபிகேட்ல கையெழுத்துப் போடறது நான்தான். கமிட்டிக்காரங்க கிளம்பிட்டாங்க, திரும்பக் கூட்டுறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடும். அந்தப் பிள்ளையைப் பேசாம இருக்கச் சொல்லு."

நான் அனுப்பியது: "சர்டிபிகேட்டை நீங்களே வச்சுக்கோங்க சார். வரம்பு எத்தனை நாள்னு பிள்ளை கேட்டுச்சு. பதில் இன்னும் வரல."

அம்மா கேட்டிருந்தால் வாய்க்கொழுப்பு என்றிருப்பாள். இருக்கட்டும்.

பதிவு 7. மாலை 18:00

மெஷின்: "நேரம் முடிந்தது. நஸ்ரின் ஆய்விலிருந்து நீக்கப்பட்டாள்."

இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்தினோம். அவள் கட்டிலில் ஏறிக் குதித்தாள். இந்தக் கிரகத்தின் குறைந்த ஈர்ப்புக்குக் கூரையில் தலை இடிக்கும், காலைப் பிடித்து இழுத்தேன். இத்தனை சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

பதிவு 8. மாலை 18:25

பூமி, வேதரத்தினம்: "குழு திரும்பக் கூடியாச்சு. கேள்வி பத்தின வரியையும் எடுத்தாச்சு. நாலாவது இடத்தை நிரப்பணும். பதினெட்டு நிரம்பாத யாரா இருந்தாலும் சேர்த்துக்கலாம். உனக்குப் பதினேழு, ஜெனோவா. உங்கப்பா இன்டர்ன்ஷிப் பேப்பர்ல எல்லாத்துக்கும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காரு. மன்னிச்சிரும்மா."

ஊசிக்கை என் பக்கம் திரும்புகிறது. கட்டிலுக்கு அடியில் இருந்து எழுதுகிறேன். மூவரின் குழாய்களையும் பிடுங்கினால் கோளாறென்று கை நின்றுவிடும், அவர்களுக்கும் நீர், உணவு போகாது. பிடுங்க மாட்டேன். அவர்களுக்கு நான் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: மூன்று பிள்ளைகளும் எழவில்லை. நஸ்ரின் வேண்டாம் என்றாள். நானும் வேண்டாம் என்றேன். அவர்கள் கணக்கில் எடுக்க மாட்டார்கள், நீங்கள் எடுங்கள். பயமாக இருக்கிறது. இருந்தாலும் வேண்டாம். வேண்டாம் என்றேன். வேண்

பதிவு 9. நாள் 217, பகல். பேச்சுப் பதிவு.

நான் நஸ்ரின். புயல் இன்னும் ஓயல, கதவும் திறக்கல. அக்கா எந்திரிக்கல. தண்ணி தெளிச்சுப் பாத்தேன், கூப்பிட்டுப் பாத்தேன். மூச்சு வருது.

'நால்வரும் நலம்'னு ஒரு பச்சை பட்டன் எரியுது. முழிச்சிருக்கறவங்கதான் அதை அமுக்கணும்னு மெஷின் சொல்லுது. முழிச்சிருக்கறது நான் மட்டும்தான். அமுக்கினா எல்லா ஊர்ப் பிள்ளைங்களுக்கும் இந்த ஊசியைப் போடுவாங்களாம்.

பூமி, வேதரத்தினம்: "பாப்பா, நல்ல பிள்ளைல்ல? அந்த பச்சை பட்டனை ஒரு தடவை அமுக்கு. உடனே உங்கம்மாகிட்ட பேசலாம்."

எனக்கு எங்கம்மாகிட்ட பேசணும். ரொம்பப் பேசணும். அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். இப்பதான் பதில் அனுப்பினேன்.

நஸ்ரின்: "டாக்டர், அமுக்க மாட்டேன். வரம்பு எத்தனை நாள்?"