அப்பாவின் ஊசிப் பரீட்சை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் சுகம், உன் அப்பாவின் பிடிவாதம் எங்களை விடச் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன்.

அப்பாவுக்குக் கண்ணில் கிளாக்கோமா என்கிற நோய், தினமும் ராத்திரி சொட்டு மருந்து விடணும் என்று டாக்டர் சொன்னாரே, நாங்களும் பூம்பூம் மாடு போலத் தலையாட்டிவிட்டு வந்தோம். ஆனால் தையற்காரர் மூளை வேறு கணக்குப் போட்டிருக்கிறது. காலையில் கடை திறந்ததும் ஊசியில் நூல் கோப்பார், ஒரே தடவையில் போய்விட்டால் பாஸ், அன்றைக்கு மருந்துக்கு லீவு. தினமும் பாஸ்தான். நடுவில் வாசல் நிலையில் தோளை இடித்துக்கொண்டு தச்சரைத் திட்டுவார், ஸ்டூலில் இடறி என்னைத் திட்டுவார். போன வாரம் தைக்கக் கொடுக்க வந்த ஒருவர் இவருக்கு இடது பக்கமாக நின்று பேண்ட்டை நீட்டுகிறார், இவர் பாட்டுக்கு மிஷினை ஓட்டுகிறார். பெரிய ஆளாயிட்டீங்க என்று அவர் கோபித்துக்கொண்டு போனார். எதிரே பட்டன் தைத்துக்கொண்டிருந்த எனக்கு, இவருக்கு அங்கே ஆள் நிற்பதே தெரியவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. கடையைப் பூட்டி ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

பக்கப் பார்வை குறைந்திருக்கிறதாம். ஊசி நல்லா தெரியுதே என்று இவர் அங்கேயும் வாதாடினார். கழுத்தில் தொங்கிய டேப்பைப் பார்த்த நர்ஸ், துணி நடுவுல பிரியுமா ஓரத்துல பிரியுமா என்று கேட்டாள். ஓரத்துலதான், அது பிரியாம இருக்கத்தானே ஓவர்லாக் தையல் போடறோம் என்றார். கண்ணும் அப்படித்தான் ஐயா, வலிக்காம ஓரத்துலேர்ந்து போகும், நடுவுல இருக்கற ஊசி தெரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும், போனது திரும்ப வராது, மிச்சம் பிரியாம இருக்க இந்த மருந்துதான் ஓவர்லாக் என்றாள். வரும் வழியில் உன் அப்பா தெரு என்றும் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

இப்போது ராத்திரி சாப்பிட்டதும் தானே வந்து படுத்து, ஓவர்லாக் போடு என்கிறார். முதல் நாள் பாதி மருந்து காதுக்குள் போனது, அதற்கும் எனக்குத்தான் திட்டு. நீ போன் பண்ணினால் கண் எப்படி என்று கேட்காதே, பிரமாதம் என்பார். ஓவர்லாக் போட்டாச்சா என்று கேள்.

இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருங்கள். அப்பாவின் இந்தக் கண் நோய் பெற்ற பிள்ளைகளுக்கும் வரலாமாம், நீயும் உடனே கண்ணைக் காட்டு. எனக்கு நல்லாத்தானே தெரியுது என்று பதில் எழுதாதே. ஊசியைத் தூக்கிக் காட்டி உன் அப்பாவும் அதையேதான் சொன்னார்.

இப்படிக்கு,
மருந்துக் குப்பியும் கையுமாக, உன் அம்மா