எண்ணெய்ப் பெட்டியும் என்ரை கையும்

இஞ்சேருங்கோ,

சோறும் கத்தரிக்காய்க் கறியும் குசினியில மூடி வைச்சிருக்கு. நான் ஒட்டுசுட்டானுக்கு, அம்மா வீட்டை போறன்.

நேற்று உங்கடை விளையாட்டுக் கூட்ஸ் ரயிலின்ரை எண்ணெய்ப் பெட்டியில கடுகளவு பெயின்ற் உரிஞ்சதை வந்த உடனை கண்டு என்னை ஏசினீங்கள். அடுப்புச் சுட்டு என்ரை கையில கிடக்கிற கொப்புளம் இன்னும் உங்கடை கண்ணில படேல்லை. உங்கடை ரயில் பெட்டியள் லண்டனிலயிருந்து கப்பலில வந்ததுகள். நான் ஒட்டுசுட்டானிலயிருந்து பஸ்ஸில வந்தவள்தானே!

ரயிலின்ரை கடைசியில கொளுவிற, கொடி காட்டிற கார்ட் நிக்கிற பெட்டியை அலுமாரிக்குள்ள தேடாதேங்கோ. அது என்ரை கைப்பைக்குள்ள. கார்ட் பெட்டி இல்லாமல் கூட்ஸ் ரயில் ஸ்ரேசனை விட்டு வெளிக்கிடக்கூடாது எண்டு ஸ்ரேசன் மாஸ்டர் நீங்கள்தானே சொல்லுவீங்கள்.

சிவக்கொழுந்து

மறந்துபோனன்: வேணுமெண்டால் ஒட்டுசுட்டானுக்கு வாங்கோ. பெட்டியை மட்டும் தனியத் தரமாட்டன்.