ஏலத்தில் எடுத்த கோல் வலை

ஆவடி,
12.7.89

அன்புள்ள அப்பாவுக்கு,

மாதா துணையால் நான் சுகம். உங்கள் முட்டுவலி தேவலையா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா?

இங்கே ஒரு வேடிக்கை. நான் கோல்கீப்பராக நிற்கிறேனே, அந்த வெள்ளானூர் கால்பந்து கிளப் கடனில் மூழ்கிவிட்டது. போன ஞாயிறு மைதானத்திலேயே சாமான்களை ஏலம் விட்டார்கள். ஏலத்தைவிட வாக்குவாதம்தான் பெரிது.

"வெளியூர் ஆட்டக்காரனுங்களுக்குக் காசைக் கொட்னா கிளப்பு எப்டி மாமே நிக்கும்?" என்று கத்தினார் ரசிகர் கஜபதி.

"கப்பு ஜெய்ச்சப்போ அவுங்களைத் தோள்ல தூக்கிகினு ஆடுனியே, அப்போ வாய்ல இன்னா கொழுக்கட்டையா?" என்றார் செயலாளர் கோதண்டம்.

அதற்குள் ஒரு விவசாயி கோல் வலையைப் பாகற்காய்ப் பந்தலுக்குக் கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. மேலே கேட்டு நானே எடுத்துவிட்டேன். கவலைப்படாதீர்கள், அது ஓவர்டைம் பணம்தான்.

சண்டை போட்ட இருவருமே ஆளுக்கொரு முனை பிடித்து வலையை என் அறைக்குத் தூக்கி வந்தார்கள். "கிளப்பு போனா போட்டும், வலை கீதில்ல!" என்றார் கஜபதி. அடுத்த மாதம் புதுப்பெயரில் இறங்குகிறோம். பாருங்கள், கப்பும் எங்களுக்குத்தான்.

வலையில் ஏகப்பட்ட கிழிசல். இங்கே யாருக்கும் அதைக் கட்டத் தெரியாது. நீங்கள் கற்றுக்கொடுத்தது என் கைக்கு மறக்கவில்லை. வலை ஊசி ஒன்றும், வள்ளத்தில் வைத்திருக்கும் நூலில் கொஞ்சமும் பார்சலில் அனுப்புங்கள்.

ஃபேக்டரிச் சங்கு ஊதிவிட்டது, முடிக்கிறேன். நூலை மட்டும் அம்மா கழுவிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆவடி வரைக்கும் கடல்காற்று வருவதில்லை.

உங்கள் மகன்,
சூசைதாஸ்